வாசகர் கேள்விகள்: பர்மா நிலமும் ஒரு நாட்டின் சாசனமும்

சென்ற இதழில் குடியரசு நாளையொட்டி நம் அரசமைப்புச் சட்டத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். ‘மற்ற நாடுகளில் எப்படி?’ என்று கேட்டு வந்த கடிதங்கள் இந்த மாதம் குவிந்துவிட்டன. காரைக்குடியில் 31 ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு அரசியல் அறிவியல் நடத்தியவனுக்கு இதைவிடச் சந்தோஷம் வேறில்லை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஏழு கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கோட்டையூர்க் கடிதத்துக்கு மட்டும் கூடுதலாக இடம் எடுத்துக்கொண்டேன். அது என் வீட்டுக் கதையும்கூட.

எங்கள் வளவு வீட்டைப் பார்க்க வந்த இங்கிலாந்துத் தம்பதி, ‘எங்கள் நாட்டுக்கு அரசமைப்புச் சட்டம் என்று ஒரு புத்தகமே கிடையாது’ என்றார்கள். அப்படியானால் அங்கே எதை வைத்து ஆட்சி நடக்கிறது?
— வாசகர், கானாடுகாத்தான்

அவர்கள் சொன்னது சரிதான். ஒரே புத்தகமாக இல்லை. ஆனால் எழுத்தே இல்லை என்று எண்ண வேண்டாம். 1215-இல் ஜான் மன்னரிடம் பிரபுக்கள் வாங்கிய மகா சாசனம், 1689-இன் உரிமைச் சட்டம், பிரபுக்கள் சபையின் கையைக் கட்டிய 1911-இன் நாடாளுமன்றச் சட்டம், 1998-இன் மனித உரிமைச் சட்டம் என்று எட்டு நூற்றாண்டுகளாக அங்கங்கே சிதறிக் கிடக்கிறது. மீதியெல்லாம் வழக்கம். நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு மன்னர் ஒப்புதல் தர மறுக்கலாமா? கூடாது என்று எழுதி வைக்கவில்லை. ஆனால் 1708-இல் ஆன் அரசி ஒரு மசோதாவை மறுத்ததோடு சரி. அதற்குப் பின் அரியணை ஏறிய எவரும் மறுத்ததில்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியாத சங்கதியில்லை. கல்யாணம் ஆனவுடன் ஒருவர் தனிப் புள்ளியாகிறார், அதாவது தனிக் குடும்பமாகக் கணக்கில் வருகிறார், ஊர்க்கோயிலுக்குப் புள்ளி வரி கட்டுகிறார். இது எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது? எதிலும் இல்லை. ஆனாலும் ரங்கூனில் இருந்தவரும் பினாங்கில் இருந்தவரும் அங்கிருந்தபடியே தங்கள் புள்ளி வரியைத் தவறாமல் அனுப்பினார்கள்.

இங்கிலாந்து முறையில் ஒரு பலவீனம் உண்டு. சாதாரணப் பெரும்பான்மை இருந்தால் போதும், எதையும் மாற்றிவிடலாம். நாடாளுமன்றத்துக்கு நிலையான ஐந்தாண்டுக் காலம் என்று 2011-இல் ஒரு சட்டம் போட்டார்கள். 2022-இல் அதை எடுத்துவிட்டார்கள். நம் மக்களவையின் ஐந்தாண்டுக் காலம் 83-ஆம் பிரிவில் இருக்கிறது. அதைத் தொட வேண்டுமானால் இரு அவைகளிலும் வந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். நியூசிலாந்தும் இஸ்ரேலும் இங்கிலாந்தைப் போலவே ஒற்றைப் புத்தகம் இல்லாத நாடுகள். எனக்கு எழுதி வைப்பதில்தான் நம்பிக்கை. வழக்கம் என்பது பெரியவர்கள் பெரியவர்களாக நடந்துகொள்ளும் வரைக்கும்தான் காவல்.

ஐயா, அமெரிக்க அரசமைப்பு ஏழே பிரிவுகள் என்று படித்தேன். நம்முடையது 395. நாம் மட்டும் ஏன் இவ்வளவு நீளமாக எழுதினோம்? அடிக்கடி திருத்துவதும் நீளத்தால்தானா?
— கல்லூரி மாணவி, பள்ளத்தூர்

நல்ல கேள்வி அம்மா. பிலடெல்பியாவில் 1787 மே மாதம் கூடினார்கள், செப்டம்பர் 17-ஆம் தேதி கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நான்கு மாதம்கூட ஆகவில்லை. சொற்களை எண்ணினால் மூலப்படி 4,500 அளவில்தான் வரும். அவர்களிடம் ஏற்கெனவே பதின்மூன்று மாநிலங்கள் இருந்தன, ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு சாசனம் வைத்திருந்தது. மேலே ஒரு கூரை போட்டால் போதும் என்ற நிலை.

நமக்கோ அடித்தளத்திலிருந்து எழுப்ப வேண்டியிருந்தது. 1946 டிசம்பர் 9-ஆம் தேதி தொடங்கிய அரசியல் நிர்ணய சபை 1949 நவம்பர் 26-இல்தான் வேலையை முடித்தது. மாநிலங்களுக்கும் சேர்த்து அதே புத்தகத்தில் எழுதினார்கள். பழங்குடிப் பகுதிகள், மொழிகள், தேர்தல் ஆணையம், தணிக்கை அதிகாரி, அரசுப் பணியாளர் தேர்வாணையம் எல்லாம் அதில் உண்டு. 1935-இன் இந்திய அரசுச் சட்டத்திலிருந்து பக்கம் பக்கமாக எடுத்துக்கொண்டார்கள் என்ற குறையும் அப்போதே எழுந்தது. 1948 நவம்பர் 4-ஆம் தேதி அம்பேத்கர் அதற்குச் சொன்ன பதிலை நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டும். அரசமைப்பின்மீது இயல்பான மதிப்பு ஒரு சமூகத்தில் ஊறியிருந்தால் நிர்வாக விவரங்களைச் சட்டமன்றத்திடம் விட்டுவிடலாம், நம் நாட்டில் அதை இனிமேல்தான் வளர்க்க வேண்டும், அதுவரை விவரங்களையும் எழுதியே வைப்பது பத்திரம் என்பது அவர் வாதத்தின் சாரம். சாசனத்தை இயற்றும் சபையிலேயே, அந்தச் சமூகத்தின் குறையை ஒளிக்காமல் சொன்னார்.

இனித் திருத்தம். அமெரிக்காவில் இதுவரை 27 மட்டுமே. அதில் பத்து 1791-லேயே சேர்ந்துவிட்டன. காங்கிரசில் மூன்றில் இரண்டு பங்கு, பிறகு மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கு, அதாவது 50-இல் 38, சம்மதிக்க வேண்டும். 27-ஆவது திருத்தத்தின் கதையைக் கேளுங்கள். காங்கிரஸ் உறுப்பினர்களின் சம்பளம் மாறினால் அடுத்த தேர்தலுக்குப் பிறகுதான் அது நடைமுறைக்கு வர வேண்டும் என்று 1789-இல் முன்மொழிந்தார்கள். போதிய மாநிலங்கள் சேரவில்லை, அப்படியே கிடந்தது. 1982-இல் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், ‘இதற்குக் காலக்கெடு எதுவும் விதிக்கவில்லையே, இன்னும் உயிரோடுதான் இருக்கிறது’ என்று கட்டுரை எழுதினார். ஆசிரியர் சாதாரண மதிப்பெண்தான் கொடுத்தார். மாணவர் விடவில்லை, மாநிலம் மாநிலமாகக் கடிதம் எழுதினார். 1992-இல் அது நிறைவேறியது. முன்மொழிந்ததற்கும் நிறைவேறியதற்கும் நடுவே 200 ஆண்டுகளுக்கு மேல்! உங்கள் கட்டுரைக்கு யாராவது குறைந்த மதிப்பெண் போட்டால் இந்த மாணவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம்முடையது 2023 வரை 106 முறை திருத்தப்பட்டிருக்கிறது. நீளமும் ஒரு காரணம். பெரும்பாலான பிரிவுகளுக்கு நாடாளுமன்றமே போதும் என்பது அதைவிடப் பெரிய காரணம். முதல் திருத்தத்துக்கு விதை போட்டதில் நம் சென்னை மாகாணத்துக்குப் பங்கு உண்டு. கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பிரித்த அரசாணையைச் செண்பகம் துரைராஜன் வழக்கில் நீதிமன்றம் செல்லாது என்றது. அதனால் 1951-இல் 15-ஆம் பிரிவில் நான்காவது உட்பிரிவைச் சேர்த்தார்கள். இன்று இந்த மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் முதல் பட்டதாரி என்று ஒரு பிள்ளை நிற்கிறதென்றால் அந்த உட்பிரிவுக்கு அதில் பங்குண்டு.

எங்கள் ஐயா பர்மாவில் வாங்கிய நிலங்களின் பத்திரங்கள் இன்னும் இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. எனக்கு 81 வயது. இங்கே அரசாங்கம் சாலைக்கு நிலம் எடுத்தால் பணம் கொடுக்கிறது. அங்கே அத்தனை நிலமும் ஒன்றுமில்லாமல் எப்படிப் போனது? எந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது?
— வாசகர், கோட்டையூர்

அண்ணனுக்கு வணக்கம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எங்கள் வீட்டு இரண்டாங்கட்டு அறையில் இருக்கும் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். என் ஐயா முதலாளி இல்லை. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு போன மேலாள். 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது அவருக்குக் கப்பல் கிடைக்கவில்லை. மணிப்பூர் வழியாக நடந்து வந்தார். வரும்போது இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தது முதலாளி வீட்டுக் கணக்கின் நகலும் ஒரே ஒரு பத்திரமும். அந்தப் பத்திரம்தான் எங்களிடம் இருக்கிறது. வட்டவட்டமாகப் பர்மிய எழுத்து, மேலே முத்திரை, கீழே கடன் வாங்கியவரின் பெருவிரல் ரேகை. ஓரத்தில் ஐயாவின் கையெழுத்தில் ‘௨௰௭ ஏக்கர், ஆற்றோரம், ஒரு போகம்’ என்று தமிழ்க் குறிப்பு. அந்தக் காலத்து எண்ணில் அது 27. மடிப்பில் மடிப்பில் தாள் கிழிந்துவிட்டது. சின்ன வயதில் அந்த ரேகையின்மேல் என் விரலை வைத்து அளந்து பார்ப்பேன். அந்த விரல் என் விரலைவிட மிகவும் பெரியது, நடுவில் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு.

சட்டத்தில் இடம் இருந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். இருந்தது. சாதாரணச் சட்டத்தில் அல்ல, அந்த நாட்டின் சாசனத்திலேயே இருந்தது. பர்மாவின் அரசியல் நிர்ணய சபை 1947 செப்டம்பர் 24-இல் ஏற்ற அரசமைப்பில் 30-ஆம் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா நிலத்துக்கும் இறுதி உரிமையாளர் அரசே என்று தொடங்குகிறது. நில உரிமை முறைகளை மாற்றவும் ஒழிக்கவும், நிலத்தைத் திரும்ப எடுத்துப் பங்கிடவும் அரசுக்கு உரிமை உண்டு என்கிறது. பெரிய நிலவுடைமை என்பதே எந்த வகையிலும் இருக்கக் கூடாது என்று முடிகிறது. 1948 ஜனவரி 4-இல் நாடு விடுதலை பெற்றது; அதே ஆண்டில் நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் வந்துவிட்டது. 1962-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு வங்கிகளும் கடைகளும் அதே வழியில் போயின. அந்தச் சாசனத்தை எழுத உதவியவர்களில் ஒருவர் பி.என். ராவ். நம் அரசியல் நிர்ணய சபைக்கு ஆலோசகராக இருந்து முதல் வரைவைத் தயாரித்தவரும் அவரே. ஆள் ஒருவர்தான், நிலத்தைப் பற்றி இரண்டு நாடுகளும் எழுதிக்கொண்டது வேறு வேறு.

ஏன் பர்மியர்கள் அப்படி எழுதினார்கள்? இதை நம் ஊரில் சொல்வதற்குத் தயக்கமாக இருக்கும். இருந்தாலும் சொல்லியாக வேண்டும். 1930-இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த விளைநிலம் நூற்றுக்கு 6. உலகமெங்கும் மந்தம் வந்து நெல் விலை சரிந்தது. அடமானக் கடனைக் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் கடனுக்கு ஈடாக வந்தது. 1938-க்குள் நூற்றுக்கு 25 ஆகிவிட்டது. நம்மவர்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டு வாங்கியதில்லை. பணம்தான் வேண்டியிருந்தது, நிலம் வந்து சேர்ந்தது. முதலாளிகள் அதற்காகக் கவலைப்பட்டார்கள் என்பதற்கு எங்கள் பெட்டியில் உள்ள கடிதங்களே சாட்சி. ஆனால் உழுதவன் பக்கம் நின்று பாருங்கள் அண்ணே. எட்டே ஆண்டில் காலடி மண் கைமாறிவிட்டது. கைமாறியது ஊருக்குப் புறத்தேயிருந்து வந்தவரிடம். அந்தப் பெருவிரல்காரரின் பிள்ளைகள்தான் 1947-இல் வாக்களித்து அந்தச் சபையை அனுப்பினார்கள். 30-ஆம் பிரிவில் அவர்களுடைய கோபம் இருக்கிறது.

அதே சமயம் நம்மவர்களுக்கு நடந்ததும் அநியாயம்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தப் பணத்தில் கோட்டையூர் முதலாளியின் பணம் மட்டுமா இருந்தது? விதவை ஆச்சிகள் வட்டிக்குப் போட்டு வைத்த பணமும் அங்கேதான் போயிருந்தது. எங்கள் அப்பத்தாவின் அண்ணன் மகள் ஒருத்தி, பர்மாவிலிருந்து வட்டி நின்ற பிறகு கண்டாங்கிச் சேலையைக் கிழித்துத் தைத்துக் கட்டிக்கொண்டு வாழ்ந்து முடித்தாள்.

பர்மாவில் தொழில் செய்த வீடுகளில் பல மலாயாவிலும் ரப்பர்த் தோட்டம் வைத்திருந்தன. அங்கே நடந்தது வேறு. 1957-இன் மலாயாக் கூட்டரசு அரசமைப்பில் 13-ஆம் பிரிவு, போதுமான இழப்பீடு இல்லாமல் கட்டாயமாகச் சொத்தை எடுக்க எந்தச் சட்டமும் வகை செய்யக் கூடாது என்கிறது. இன்றும் அது இருக்கிறது. சிங்கப்பூர் 1965-இல் பிரிந்தபோது மலேசிய அரசமைப்பின் பல பிரிவுகளைத் தனதாக்கிக்கொண்டது. இந்த 13-ஐ மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டது. சின்னத் தீவு, எல்லாருக்கும் வீடு கட்ட நிலம் வேண்டும் என்பது காரணம். மறு ஆண்டே நில எடுப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். மார்க்கெட் தெருவில் வரிசையாக இருந்த நம் வட்டிக்கடைக் கிட்டங்கிகள் இன்று அங்கே இல்லை. உயரமான அலுவலகக் கட்டடங்கள் நிற்கின்றன. ஒரே குடும்பத்தின் ஐந்தொகையில், அதாவது வரவு செலவுக் கணக்கில், மூன்று ஊர்ச் சொத்து. மூன்று நாட்டுச் சாசனங்களில் சொத்தைப் பற்றி மூன்று விதமான வரி.

நம் நாட்டிலும் கதை நேர்க்கோட்டில் போகவில்லை. 1950-இல் சொத்துரிமை அடிப்படை உரிமையாக இருந்தது. நாம் வாழும் இந்த மண் ஒரு காலத்தில் சிவகங்கை, இராமநாதபுரம் ஜமீன்களுக்கு உட்பட்டிருந்தது உங்களுக்குத் தெரியும். ஜமீன்களை ஒழித்த சட்டங்களை நீதிமன்றத்திலிருந்து காப்பாற்றத்தான் 1951-இல் ஒன்பதாம் அட்டவணை என்று ஒன்றைப் புதிதாகச் சேர்த்தார்கள். 1978-இல் 44-ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. இப்போது 300-அ பிரிவு, சட்டத்தின் அதிகாரமில்லாமல் ஒருவர் சொத்தை எடுக்க முடியாது என்று மட்டும் சொல்கிறது. சாலைக்குப் போன நிலத்துக்கு நீங்கள் வாங்கும் பணம் நில எடுப்புச் சட்டத்தின்படி வருகிறது.

பத்திரங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பணம் வராது. ஆனாலும் செல்லுக்கும் பூச்சிக்கும் இரையாகாமல் வெள்ளைத் துணியில் சுற்றி வையுங்கள்; பேரப்பிள்ளைகளிடம் இரண்டு பக்கத்துக் கதையையும் சொல்லுங்கள்.

மலேசியாவில் ராஜா ஐந்து வருடம்தான் இருப்பாராமே? ஈப்போவில் இருக்கும் என் மகன் சொன்னான்.
— வாசகி, வலையபட்டி

ஆமாம். ஒன்பது மாநிலங்களில் பரம்பரை ஆட்சியாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கூடித் தங்களுக்குள் ஒருவரை ஐந்தாண்டுக்குப் பேரரசராகத் தேர்ந்தெடுக்கிறார்கள், முறைவைத்து மாறி மாறி. நம் பக்கம் கோயில் திருவிழாவுக்கு முறைக்காரர் வருவது போலத்தான். பூட்டானில் அரசர் 65 வயதில் ஓய்வு பெற்றுவிட வேண்டும் என்று 2008-இன் அரசமைப்பு சொல்கிறது. அதே சாசனத்தில் நாட்டின் நிலப்பரப்பில் 60 விழுக்காடு எப்போதும் காடாகவே இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. கண்மாயை மூடி மனை போடும் நாம் அந்த வரியை ஒரு முறை உரக்கப் படிக்க வேண்டும்.

மாற்றவே முடியாத பிரிவு என்று எந்த நாட்டிலாவது உண்டா?
— வழக்கறிஞர், தேவகோட்டை

உங்களுக்குத் தெரியாததல்ல, மற்ற வாசகர்களுக்காகக் கேட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ஜெர்மனியில் உண்டு. 1919-இல் எழுதிய பழைய சாசனம் இருக்கும்போதே, 1933-இல் நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் காட்டி ஹிட்லர் எல்லா அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டார். அந்த அடிபட்டவர்கள் 1949 மே 23-இல் வெளியிட்ட புதிய சாசனத்தில் 79-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவை வைத்தார்கள்: மனித மாண்பு, மக்களாட்சி, கூட்டாட்சி ஆகிய அடிப்படைகளை எந்தத் திருத்தமும் தொடக் கூடாது. அத்தனை பேரும் கை தூக்கினாலும் முடியாது.

நம் சாசனத்தில் அப்படி ஒரு வரி இல்லை. ஜெர்மானியப் பேராசிரியர் டீட்ரிச் கான்ராட் 1965-இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றிப் பேசினார். அந்தச் சிந்தனை நம் வழக்கறிஞர்கள் வழியாக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1973 ஏப்ரல் 24-இல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் அமர்ந்து, ஏழுக்கு ஆறு என்ற கணக்கில், நாடாளுமன்றம் எதையும் திருத்தலாம், ஆனால் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்க முடியாது என்றார்கள். காசர்கோட்டுப் பக்கம் ஒரு மடத்தின் தலைவர் போட்ட வழக்கு. கேரள நிலச் சீர்திருத்தத்தை எதிர்த்துத் தொடங்கியது. அதுவும் நிலம்தான், கோட்டையூர் அண்ணன் கவனிக்க வேண்டும். ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் இரண்டு ஆண்டு கழித்து வந்த நெருக்கடி நிலையில் என்னவெல்லாம் திருத்தியிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

சட்டப்படி திருத்தலாம், ஆனால் நடப்பில் முடியாது என்பது இன்னொரு வகை. பழைய பர்மாவான மியான்மரின் 2008-இன் அரசமைப்பில் நாடாளுமன்ற இடங்களில் நான்கில் ஒரு பங்கு ராணுவத்துக்கு ஒதுக்கீடு. முக்கியமான திருத்தத்துக்கு 75 விழுக்காட்டுக்கு மேல் வேண்டும். கணக்கைப் போட்டுப் பாருங்கள்: ராணுவம் தலையசைக்காமல் ஒரு வரியும் நகராது. ஜெர்மனி பூட்டியது மக்களுக்காக. இது மக்களுக்கு எதிராகப் போட்ட பூட்டு.

சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி. அது அரசமைப்பிலேயே இருக்கிறதா, வெறும் அரசாணையா? வேறு எந்த நாட்டுச் சாசனத்தில் தமிழின் பெயர் இருக்கிறது?
— வாசகர், கண்டனூர் (இப்போது சிங்கப்பூர்)

அரசமைப்பிலேயே இருக்கிறது: 153-அ பிரிவு. மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் நான்கும் ஆட்சிமொழிகள். நாடாளுமன்றத்திலும் தமிழில் பேசலாம் என்று தனிப் பிரிவு உண்டு.

இலங்கைக் கதை கசப்பானது. 1948-இல் விடுதலை பெற்றபோது இருந்த சாசனத்தின் 29-ஆம் பிரிவு, ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டம் போடக் கூடாது என்று தடுத்திருந்தது. அது இருக்கும்போதே 1956-இல் சிங்களம் மட்டும் என்ற சட்டம் வந்தது. 1972-இல் எழுதிய புதிய சாசனத்தில் அந்தக் காவல் பிரிவே காணாமல் போயிற்று. 1987-இல் 13-ஆவது திருத்தம் தமிழும் ஆட்சிமொழியாகும் என்றது. நடுவில் போன உயிர்களுக்கு யார் கணக்குச் சொல்வது?

தென்னாப்பிரிக்காவின் 1996-இன் சாசனத்திலும் தமிழின் பெயர் இருப்பது பலருக்குத் தெரியாது. 6-ஆம் பிரிவில், நாட்டில் சமூகங்கள் பேசும் மொழிகளை மதித்து வளர்க்க வேண்டும் என்னும் இடத்தில் குஜராத்தி, இந்தி, தமிழ், தெலுங்கு, உருது என்று வருகிறது. கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகக் கப்பலேறியவர்களின் மொழி ஒரு நாட்டின் சாசனத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதை முதலில் படித்த அன்று வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளுக்கு அந்த வரியை இரண்டு முறை வாசித்துக் காட்டினேன்.

சாசனம் எழுதியவர்களில் பெண்கள் இருந்தார்களா? படங்களில் எல்லாம் ஆண்களாகவே தெரிகிறார்கள்.
— ஓய்வு பெற்ற ஆசிரியை, புதுவயல்

இருந்தார்கள் ஆச்சி. பிலடெல்பியாவில் ஒருவர்கூட இல்லை. நம் சபையில் 15 பேர். நம் சென்னை மாகாணத்திலிருந்து போனவர்களில் அம்மு சுவாமிநாதன், துர்காபாய், தாட்சாயணி வேலாயுதன் மூவரும் உண்டு.

ஜப்பானில் நடந்தது ஆச்சரியமானது. போரில் தோற்ற நாட்டுக்கு 1946 பிப்ரவரியில் அமெரிக்க ராணுவத் தலைமையகம் ஏறத்தாழ ஒரு வாரத்தில் வரைவு எழுதியது. பெண்கள் உரிமைப் பகுதியை 22 வயதுப் பெண் ஒருத்தியிடம் ஒப்படைத்தார்கள். பெயர் பியாட்டே சிரோட்டா. சிறுமியாக டோக்கியோவில் வளர்ந்தவர், ஜப்பானியப் பெண்கள் பெற்றோர் பார்த்து வைத்த ஆளை வாய் திறக்காமல் கட்டிக்கொள்வதை அருகில் இருந்து பார்த்தவர். ஜீப்பில் நகரத்து நூலகங்களுக்கெல்லாம் போய்ப் பல நாட்டுச் சாசனங்களைத் திரட்டிக்கொண்டு வந்து எழுதினார். 24-ஆம் பிரிவு அதிலிருந்து பிறந்தது: திருமணம் இருவரின் சம்மதத்தின்மேல் மட்டுமே அமையும், கணவனுக்கும் மனைவிக்கும் சம உரிமை. 1947 மே 3-இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சாசனத்தில் இன்றுவரை ஓர் எழுத்தும் மாறவில்லை. வெளியார் எழுதியது என்று அங்கே ஒரு சாரார் குறை சொல்வது நியாயம்தான். ஆனால் அந்தப் பிரிவை எடுத்துவிடுங்கள் என்று ஜப்பானியப் பெண்களிடம் போய்க் கேட்க யாருக்குத் துணிவு வரும்?

கல்யாணத்தில் நாம் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தமான இசைகுடிமானத்தை நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் பழைய ஓலை நறுக்கு ஒன்று இருக்கிறது: இரண்டு வீட்டார் பெயர், கோயில், ஊர். பெண்ணின் சம்மதத்துக்கு அதில் இடமில்லை. என் பேத்தி கல்யாணத்தில் எழுதும்போது அவளும் கையெழுத்துப் போட வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். பங்காளிகளில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். அவள் போட்டாள்.

நிர்ணய சபைப் பெண்களின் பேச்சை எங்கே படிக்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். சபையின் விவாதங்கள் முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, ஆங்கிலத்தில். முதலிலிருந்து தொடங்கினால் அலுத்துவிடும். தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு 1948 நவம்பர் 29-ஆம் தேதி நிறைவேறியது. தாட்சாயணி அன்று பேசியிருக்கிறார். பேரனை அந்தத் தேதியைத் தேடி எடுத்து உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.